‘தண்ணிய மாத்திருங்க’: ஒரு மீன் தொட்டி அறிவுரையை வாசித்தல்

மீன் தொட்டித் தண்ணீர் கலங்கலாகவே இருக்கிறது, தெளிய மாட்டேங்குது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். கடையில் கேட்டாலும், வீடியோவில் தேடினாலும், தொட்டி வைத்திருக்கும் சித்தப்பாவிடம் கேட்டாலும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்குப் பாளையங்கோட்டையில் கிடைத்த வடிவம் இது: “அண்ணாச்சி, ஃபுல்லா தண்ணிய மாத்திருங்க. ஃபில்டர் பஞ்ச பைப்புல வச்சு நல்லா அலசிருங்க. ரெண்டு நாள்ல கண்ணாடியா ஆயிரும்.”

இந்தத் தளத்தில் வழக்கமாகப் பழைய புத்தகங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு நூலை எடுத்தால் அது எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது, யாருக்காகப் பேசுகிறது என்று பார்ப்போம் இல்லையா? மேலே உள்ள மூன்று வாக்கியங்களையும் அதே மாதிரி வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. காரணம், அந்த மூன்று வாக்கியத்தை நான்கு முறை அப்படியே கடைப்பிடித்தேன். மூன்று மாதத்தில் ஏழு மீன் செத்தது. தண்ணீரும் தெளியவில்லை.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது அவருக்குச் சொல்லப்பட்டது. என் விமர்சனம் அந்த அறிவுரையின் மேல்தான்.

ஒரே சொல், பல தண்ணீர்

முதல் குறை: கலங்கல் என்பது ஒரே நோய் என்று அறிவுரை எடுத்துக்கொள்கிறது. ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு அது ஒன்றல்ல என்று தெரியும். மழைக்காலத்தில் தாமிரபரணியில் வரும் செந்தண்ணி வேறு, கோடையில் தேங்கிய குளத்தின் பச்சைத் தண்ணி வேறு, அரிசி களைந்த தண்ணி மாதிரி வெளுத்திருப்பது வேறு. ஒவ்வொன்றிலும் மிதக்கும் பொருள் வேறு, அது வந்த வழியும் வேறு.

வீட்டுத் தொட்டியில் கலங்கலை உண்டாக்குபவை குறைந்தது ஆறு.

ஒன்று, காற்றுக் குமிழி. குழாயில் அழுத்தத்தோடு வந்த தண்ணீரில் கரைந்திருந்த காற்று பொடிக் குமிழிகளாக வெளியே வரும். பால் மாதிரி இருக்கும்; அடியிலிருந்து மேல் நோக்கித் தெளியும். சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

இரண்டு, மண். கழுவாமல் போட்ட கூழாங்கல்லின் தூசு, அல்லது செடிக்காக அடியில் போட்ட மண்.

மூன்று, சுண்ணாம்பு. போர் தண்ணீர் நிலத்தடியில் கரியமில வாயுவை நிறையக் கரைத்து வைத்திருக்கும். வெளியே வந்ததும், அதிலும் காற்று மோட்டார் ஓடும் தொட்டியில், அந்த வாயு தப்பிவிடும். தண்ணீரின் பிஎச் ஏறும். அதுவரை கரைந்திருந்த சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து வெள்ளைப் புகை மாதிரி நிற்கும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதுவே.

நான்கு, இரும்பு. சில கிணறுகளில் இறைக்கும்போது பளிச்சென்று இருக்கும் தண்ணீர், காற்றுப் பட்டு ஒரு மணி நேரத்தில் பழுப்பாகிக் கலங்கும்.

ஐந்து, பாக்டீரியா. இரை அதிகமாகப் போட்டாலோ, மூலையில் ஒரு மீன் செத்து யாரும் பார்க்காமல் கிடந்தாலோ, அதைத் தின்று பெருகும் பாக்டீரியா தண்ணீரை மோர் மாதிரி ஆக்கும்.

ஆறு, பாசி. வெயில் படும் ஜன்னலோரத் தொட்டியில் தண்ணீரே பச்சையாவது.

மரத்துண்டோ காய்ந்த வாதாம் இலையோ போட்டால் வரும் தேயிலை நிறத்தைச் சிலர் இதில் சேர்ப்பார்கள். அது கலங்கலே கிடையாது. நிறம் ஏறியிருக்கும், ஆனால் அந்தப் பக்கம் இருப்பது தெளிவாகத் தெரியும்.

இப்போது ‘தண்ணிய மாத்திருங்க’ என்பதை இந்த ஆறின் மேலும் வைத்துப் பாருங்கள். குமிழிக்குப் புதுத் தண்ணீர் விட்டால் மறுபடியும் குமிழி. சுண்ணாம்புக்கும் இரும்புக்கும் அதே போர் தண்ணீரை விட்டால் புதுச் சுண்ணாம்பு, புது இரும்பு. மண்ணைப் போட்டவர் தண்ணீரை ஊற்றும்போது மண்ணைத் திரும்பக் கிளறுகிறார். பாசி, வெயில் இருக்கிற வரை திரும்ப வரும். பாக்டீரியாவுக்கு மட்டும் பாதி நியாயம் உண்டு, அதையும் பஞ்சைக் குழாயில் அலசிக் கெடுத்துவிடுகிறோம். எப்படிக் கெடுக்கிறோம் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

டம்ளரில் தெளிவு, தொட்டியில் கலங்கல்

“குழாய்த் தண்ணி சுத்தமாத்தான இருக்கு, தொட்டியில ஊத்துனா மட்டும் ஏன் மங்குது?” என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. இதில் பாதி கண்ணின் ஏமாற்று. டம்ளரின் அகலம் 7 செ.மீ. இருக்கும். இரண்டடித் தொட்டியை நீளவாக்கில் பார்த்தால் ஒளி 60 செ.மீ. தண்ணீரைக் கடந்து வருகிறது. அதே தண்ணீர்தான், எட்டு மடங்குக்கு மேல் தூரம். இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 கலங்கலுக்கு 1 அலகு வரை ஏற்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 5 அலகு வரை அனுமதிக்கலாம் என்கிறது. 5 அலகுத் தண்ணீரை டம்ளரில் பிடித்தால் பெரும்பாலோருக்குக் கலங்கல் என்றே தெரியாது. தொட்டியில் நீளவாக்கில் பார்த்தால் மங்கலாக இருக்கும்.

ஆகவே முதல் கேள்வி, நிஜமாகவே கலங்கல்தானா என்பது. தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, பக்கத்திலேயே குழாய்த் தண்ணீரை வைத்து, கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். இரண்டிலும் ஒளிக்கற்றை ஒரே மாதிரி தெரிந்தால் தொட்டி எதையும் செய்யவில்லை. அறிவுரையில் இப்படி ஒரு சோதனைகூடக் கிடையாது. எனக்கு இது இரண்டாவது குறை: அது மருந்திலிருந்து தொடங்குகிறது. எந்த நிலையில் அந்த மருந்து வேலை செய்யாது என்று அது சொல்வதே இல்லை. அதனால் அதைத் தவறு என்று நிரூபிக்கவும் முடியாது. தெளியவில்லையா, “இன்னொரு தடவ மாத்துங்க” என்று முடிந்துவிடும்.

என் தொழிலில் இதற்கு இணையான ஒரு பழக்கம் உண்டு. சர்வர் மக்கர் செய்தால் உடனே ரீஸ்டார்ட் பண்ணிவிடுவது. சில நேரம் சரியாகிவிடும். ஆனால் என்ன நடந்தது என்று காட்டக்கூடிய தடயம் எல்லாம் அதோடு போய்விடும். அடுத்த வாரம் அதே பிரச்சினை, அதே ரீஸ்டார்ட். ஆபீஸில் ஜூனியர் பையன்களை இதற்காகத் திட்டும் நான், வீட்டில் நான்கு முறை அதையேதான் செய்திருக்கிறேன்.

எங்கள் தொட்டியில் நடந்தது

டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கர் 1999இல் வெளியிட்ட ‘செடித் தொட்டியின் சூழலியல்’ என்ற பொருள்படும் புத்தகம் இந்தத் துறையில் பெரிய பெயர் பெற்றது. அடியில் சாதாரண மண், அதன் மேல் பொடிக்கல், நிறையச் செடி, கொஞ்சம் மீன். மீனின் கழிவைச் செடி எடுத்துக்கொள்ளும் என்பது அவருடைய அடிப்படை வாதம். ஒவ்வொரு கூற்றுக்கும் காரணம் சொல்லி, ஆய்வுகளைக் காட்டி எழுதியிருக்கிறார். அந்த வகையில் கடை அறிவுரைக்கு நேர் எதிரான எழுத்து. அதைப் படித்த உற்சாகத்தில் நானும் மண் போட்டேன்.

போட்டது கரிசல்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். மழை பெய்தால் செருப்போடு சேர்த்துக் காலைப் பிடித்துக்கொள்ளும் மண், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் மண். அதில் இருக்கும் களிமண் வகை தண்ணீரை உறிஞ்சி வீங்கிப் பிரிந்து, மிக மிகப் பொடியான துகள்களாகும். புத்தகம் ‘மண்’ என்று சொன்னபோது அதை எழுதியவர் மனதில் இருந்த மண் இது இல்லை. அமெரிக்கத் தோட்டமண்ணுக்கான குறிப்பை நெல்லைச் சீமைக் கரிசலுக்கு அப்படியே மாற்றியது என் தப்பு. நல்ல நூலும் தான் எழுதப்பட்ட மண்ணோடு ஒட்டியிருக்கும் என்பதை ஒரு தொட்டி முழுக்கச் சேற்றுத் தண்ணீரில் கற்றுக்கொண்டேன்.

துகள் எவ்வளவு நேரத்தில் படியும் என்பதற்கு ஸ்டோக்ஸ் விதி இருக்கிறது. படியும் வேகம் துகளின் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். அதாவது விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூற்றில் ஒன்றாகும். 30 செ.மீ. ஆழத் தண்ணீரில் 2 மைக்ரான் களிமண் துகள் அடிக்கு வர, நம்மூர் வெப்பத்தில், சுமார் 20 மணி நேரம். 0.2 மைக்ரான் துகளுக்கு 2,000 மணி நேரம், 80 நாளுக்கு மேல். அதுவும் அசையாத தண்ணீரில். ஃபில்டர் மோட்டார் சுழற்றிக்கொண்டே இருக்கும் தொட்டியில் அது படியவே படியாது. கடையில் கிடைக்கும் பஞ்சின் துளை வழியாகச் சாவகாசமாகப் போய் வரும்.

நான் மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுத் தண்ணீரையும் இறைத்து, வாளியால் ஊற்றி, மண்ணைக் கிளறி, படிந்திருந்த கொஞ்சநஞ்சத்தையும் மேலே எழுப்பினேன். தீராத கலங்கல் என்று நான் புலம்பியதைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டிருந்ததே அந்த அறிவுரைதான்.

இரண்டு டம்ளர்

இது பிடிபட்டது ஒரு தற்செயலில். எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். மாநகராட்சிக் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர். பொதிகை மலையிலிருந்து வருவது, சுண்ணாம்புச் சத்து குறைவு, சோப்பு நன்றாக நுரைக்கும். இன்னொன்று போர் தண்ணீர். உப்பு, வாளியில் வெள்ளைக் கறை பிடிக்கும். ஒரு நாள் குழாயில் தண்ணீர் வராததால் மண் பிடித்த தொட்டிச் சாமான்களைப் போர் தண்ணீரில் கழுவி, அந்த வாளியை அப்படியே வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் வாளியில் மேல் தண்ணீர் தெளிந்து, சேறு அடியில் படிந்திருந்தது. தொட்டியில் மூன்று மாதமாக நடக்காதது வாளியில் ஒரே ராத்திரியில் நடந்துவிட்டது.

உடனே இரண்டு டம்ளர் எடுத்தேன். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் போர் தண்ணீர். இரண்டிலும் அதே கரிசல், ஒவ்வொரு சிட்டிகை. கலக்கி, சமையலறை ஜன்னலில் வைத்தேன். மறுநாள் போர் டம்ளர் தெளிந்துவிட்டது. குழாய் டம்ளர் காபி நிறத்திலேயே இருந்தது. மூன்றாம் நாளும் அப்படித்தான்.

இதன் காரணம் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே தனித்தனியாக மிதக்கும். தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் போதுமான அளவு இருந்தால் அந்தத் தள்ளல் அடங்கி, துகள்கள் ஒட்டிக் கட்டியாகி, கனம் கூடி இறங்கிவிடும். ஸ்டோக்ஸ் விதியில் விட்டம் பெரிதானால் வேகம் இருமடியில் ஏறும் அல்லவா, அதேதான். புன்னைக்காயலில் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திலும் இந்த வேதியியல் நடக்கிறது: நன்னீரில் மிதந்து வந்த பொடி வண்டல் உப்பு நீரைத் தொட்டதும் திரண்டு படிகிறது.

நம் முன்னோர் செந்தண்ணி வரும் காலத்தில் மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்ததும் இதைச் சேர்ந்த வேலைதான். அந்த விதையிலுள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் துகள்களைப் பிணைத்து இறக்கும். கலித்தொகையிலேயே இது உவமையாக வருகிற அளவுக்குப் பழைய அறிவு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தேற்றாங்கொட்டை மண் கலங்கலுக்கு மருந்து. அதை எல்லாக் கலங்கலுக்கும் பொது மருந்தாக்கி மீன் தொட்டியில் உரைக்கக் கூடாது. விதையிலிருந்து கரையும் புரதமும் மாவுச்சத்தும் பாக்டீரியாவுக்குத் தீனி. படிகாரமும் மண்ணை இறக்கும். ஆனால் அது தண்ணீரின் காரத்தன்மையைச் செலவழிக்கும். ஆற்றுத் தண்ணீர் போன்ற மென்னீரில் அளவு தப்பினால் பிஎச் சரிந்துவிடும்.

தண்ணி நல்லாத்தானே இருக்கு?

இனி ஏழு மீனின் கதை. மூன்றாவது முறை தண்ணீர் மாற்றியபோது, அந்த ஒரு தடவை மட்டும், இரண்டு நாள் தொட்டி ஓரளவு தெளிந்திருந்தது. ஐந்தாம் நாள் காலையில் இரண்டு மோலி மிதந்தன. மகள் கேட்டாள்: “அப்பா, தண்ணி இப்பத்தான நல்லா இருக்கு. பெறகு ஏன் செத்துச்சு?”

கடையில் கேட்டேன். “மீன் வீக்கா இருந்திருக்கும் அண்ணாச்சி. வேற ரெண்டு ஜோடி தாரேன்” என்றார்கள்.

மகளின் கேள்விதான் சரியான விமர்சனம். அறிவுரையின் மூன்றாவது குறை, எனக்கு மிகப் பெரிய குறை, அது வெற்றியை அளக்கும் விதம். கண்ணாடி வழியாகப் பார்க்கிறவருக்குத் தெளிவாகத் தெரிந்தால் வெற்றி. இரண்டாம் நாள் கணக்கு முடிந்துவிடுகிறது. ஐந்தாம் நாள் வரும் சாவு இந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. அது மீனின் பலவீனம் என்று வேறு பேரேட்டில் எழுதப்படுகிறது.

நடந்தது இதுதான். மீன் தன் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்கின்றன. குடிநீரில் கிருமி கொல்லக் குளோரின் கலக்கிறார்கள். குழாய் முனையில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது அதே ஐ.எஸ். 10500. நமக்கு அது பாதுகாப்பு. பஞ்சை அதில் பிழிந்து அலசினால் நல்ல நுண்ணுயிர்களில் பெரும்பங்கு சாகவோ கழுவிக்கொண்டு போகவோ செய்யும். அடுத்த நாளும் நாம் இரை போடுகிறோம். அம்மோனியா சேர்கிறது. அதற்கு நிறமும் இல்லை, கலங்கலும் இல்லை. நஞ்சு ஏறிய தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும்.

இன்னொரு நுணுக்கம். அம்மோனியாவின் நஞ்சு பிஎச்சைப் பொறுத்தது. 28 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் அது ஏறக்குறைய பத்து மடங்காகும். ஆகவே நாள்பட்ட தொட்டியில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுக் கடினமான போர் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினால், மிச்சமிருக்கும் அம்மோனியா அந்த நிமிடத்திலேயே கொடியதாகிவிடலாம். ‘மாத்துங்க’ என்ற சொல்லில் எவ்வளவு, எந்தத் தண்ணீரால், எவ்வளவு மெதுவாக என்ற மூன்று கேள்வியும் இல்லை.

நம் கெண்டையும் கெளுத்தியும் விராலும் ஐப்பசி கார்த்திகையில் செந்தண்ணியிலும், சித்திரையில் சேற்றுக் குட்டையிலும் வாழ்கின்றன. கண்ணாடித் தெளிவு வேண்டும் என்று எந்த மீனும் கேட்கவில்லை. கேட்டது வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த நான்.

எதிர்க்கட்சி

நியாயமாக, இன்னொரு முகாமையும் வாசிக்க வேண்டும். கொஞ்சம் விவரமானவர்கள், “பாக்டீரியா ப்ளூம், ஒண்ணும் பண்ணாதீங்க, தானா தெளியும்” என்பார்கள். இது மேலான அறிவுரை. புதுத் தொட்டியில் பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. ஆனால் அதோடு சேர்த்து, “ஃபில்டருக்கு வேண்டிய நல்ல பாக்டீரியா வளருது, அதான் வெள்ளையா இருக்கு” என்று ஒரு விளக்கமும் கொடுப்பார்கள். அது தவறு. அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் மெதுவாக வளர்பவை, பரப்புகளில் ஒட்டி வாழ்பவை. தண்ணீரை மோராக்குபவை மிச்ச இரையைத் தின்று வேகமாகப் பெருகும் வேறு வகை. வெள்ளைப் புகையைப் பார்த்து “ஆஹா, ஃபில்டர் தயாராகுது” என்று மீன் வாங்கி விட்டவர்கள் உண்டு.

அந்த வேகப் பாக்டீரியா ஆக்சிஜனையும் தின்னும். 30 டிகிரித் தண்ணீரில் முழுக்கக் கரைந்தாலும் ஆக்சிஜன் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். நெல்லைக் கோடை இரவில் கலங்கல் தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான். “ஒண்ணும் பண்ணாதீங்க” என்பதில் “காத்து மோட்டாரை மட்டும் நிறுத்தாதீங்க, இரையைக் குறைங்க” என்ற வரி விட்டுப்போயிருக்கிறது.

‘நல்ல பாக்டீரியா’ பற்றிய பாடமும் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. பழைய புத்தகங்கள் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றன. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று டிமோதி ஹோவனெக்கும் சகாக்களும் 1998இல் காட்டினார்கள். 2011இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வு, பல நன்னீர்த் தொட்டிகளின் ஃபில்டரில் அம்மோனியாவை மாற்றுவோரில் ஆர்க்கியா என்ற, பாக்டீரியாவே அல்லாத உயிர்கள்தான் மிகுதி என்று கண்டது. பாட்டிலின் மேல் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது நம் தொட்டிக்கு வேண்டியதுதானா என்று கேட்க இது போதும்.

1850இல் ஒருவர் செய்தது

வியப்பு என்னவென்றால், வீட்டுத் தொட்டி என்ற கருத்தே ஒரு கலங்கல் பிரச்சினையோடுதான் பிறந்தது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீனையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். கொஞ்ச நாளில் செடியின் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அவர் முழுத் தண்ணீரையும் மாற்றிக்கொண்டே இருக்கவில்லை. கலங்கலின் மூலம் எது என்று பார்த்தார். அழுகும் இலைதான் என்று தெரிந்ததும், அதைத் தின்னும் நீர் நத்தைகளை விட்டார். தண்ணீர் தெளிந்தது. இதை 1850இல் லண்டன் வேதியியல் கழகத்தில் கட்டுரையாக வாசித்தார்.

மீனும் செடியும் நத்தையும் தாமாகவே சமநிலை கண்டுகொள்ளும் என்ற அவர் முடிவு பின்னால் மிகைப்படுத்தப்பட்டது. தொட்டிக்கு ஆக்சிஜன் வருவதில் செடியைவிடத் தண்ணீரின் மேற்பரப்புக்கே பெரும்பாலும் அதிகப் பங்கு. ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்றைக்கும் சரி. 170 வருடத்துக்குப் பிறகு நம் அறிவுரை அந்தக் கேள்விக்கு முன்னால் போய் நிற்கிறது.

நான் எழுதினால்

குறை மட்டும் சொல்லி விட்டுவிட்டால் விமர்சனம் அரைகுறை. கடைச் சுவரில் ஒட்ட எனக்கு இடம் கொடுத்தால் இப்படி எழுதுவேன்.

எதையும் மாற்றும் முன் ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து ஒரு இரவு வையுங்கள். அடியில் படிந்தால் மண் அல்லது தூசு. பஞ்சைக் கூட்டுங்கள், அடியைக் கிளறாதீர்கள்.

படியாமல் வெள்ளையாக இருந்தால் சில சொட்டு வினிகர் விடுங்கள். தெளிந்தால் சுண்ணாம்பு. போர் தண்ணீரை ஒரு நாள் காற்று ஓட்டி வைத்திருந்து, மேலாக எடுத்து ஊற்றுங்கள்.

வினிகருக்கும் மசியவில்லை, லேசாக நாற்றமும் இருந்தால் பாக்டீரியா என்று சந்தேகப்படுங்கள். செத்த மீன், மிச்ச இரை தேடுங்கள். இரண்டு நாள் இரையை நிறுத்துங்கள். காற்று ஓடட்டும். மாற்றினால் கால் பங்குத் தண்ணீருக்கு மேல் வேண்டாம்.

பச்சையாக இருந்தால் மூன்று நான்கு நாள் தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்குங்கள். பிறகு ஜன்னலிலிருந்து நகர்த்துங்கள்.

புதுத் தண்ணீரைத் தனியாக ஒரு வெள்ளை வாளியில் பிடித்து ஒரு நாள் பாருங்கள். வாளியிலேயே கலங்கினால் தொட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஃபில்டர் பஞ்சை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயடிக்குக் கொண்டு போகாதீர்கள்.

எங்கள் தொட்டிக்கு நான் செய்தது: கரிசல் மேல் இன்னொரு அங்குலம் பொடிக்கல் போட்டேன், தண்ணீரை வாளியால் கொட்டாமல் ஒரு தட்டின் மேல் மெதுவாக ஊற்றினேன், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மூன்றில் ஒரு பங்கு போர் தண்ணீர் சேர்த்தேன். மோலிக்குக் கடின நீர் பிடிக்கும் என்பதால் தைரியமாகச் செய்தேன். எல்லா மீனுக்கும் இது பொருந்தாது. ஒரே நேரத்தில் மூன்றை மாற்றியதால் எது எவ்வளவு பங்கு வகித்தது என்று பிரித்துச் சொல்வது சரியாகாது. ஜன்னலில் இருந்த இரண்டு டம்ளர்கள் போர் தண்ணீரின் பக்கம் சாட்சி சொல்கின்றன, அவ்ளோதான். பன்னிரண்டாம் நாள் பின்சுவரின் பெயின்ட் உரிந்த இடம் தொட்டி வழியாகத் தெரிந்தது.

டம்ளர்களை இன்னும் எடுக்கவில்லை. வீட்டில் தினமும் ஒரு தடவை அதற்குத் திட்டு விழுகிறது. மீன்களை மகள் காலையில் எண்ணுகிறாள். பிப்ரவரியிலிருந்து எண்ணிக்கை குறையவில்லை. மோலி குட்டி போட்டதால் இப்போது அவளுக்குக் கணக்கு உதைக்கிறது.